பாங் விட்டுப்போன வலி

வடக்குக் காற்று இறங்கப் போகிறது என்று வானொலியில் சொல்வதற்கு ஒரு நாள் முன்பே மியெனின் வலது முழங்கால் சொல்லிவிடும். வான் கூ கிராமத்தில் வாத்து வளர்ப்பவர்கள் சந்தை முக்கில் இருக்கும் அவள் கடைக்கு வந்து, "அக்கா, உங்க முட்டி இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று கேட்பார்கள். கேலிதான். ஆனாலும் அவள் எழுந்திருக்கும்போது முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் வாத்துக் கொட்டகைக்குச் சாக்கு மாட்டுவார்கள்.

கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அடுப்பு, ஓர் அலுமினியப் பானை, பானை நிறையக் கரு பிடித்த வாத்து முட்டை, கிண்ணத்தில் இஞ்சிச் சீவல், சுற்றிலும் நாலைந்து குட்டைப் பிளாஸ்டிக் முக்காலிகள். குளிரில் அந்த முட்டையை உடைத்து இஞ்சியோடு வாயில் போட்டால் வயிறுவரை சூடு இறங்கும். ஊருக்கெல்லாம் சூடு விற்கிறவளுக்குத் தன் முட்டியில் ஒரு நாழிகை சூடு தங்கவில்லை. அதுதான் அவள் பட்ட பாடு.

அந்த வலி அவளுடையதே இல்லை என்று ஊர் பேசிக்கொண்டது. அது அவள் புருஷன் பாங்குடையது.

பாங் பட்டாளத்தில் இருந்தவர். வடக்கு எல்லையில் மூன்று குளிர்காலம் ஈரப் பள்ளத்தில் கிடந்து திரும்பியபோது வலது முழங்காலில் வலியைக் கொண்டுவந்தார். காயம் இல்லை, வீக்கம் இல்லை. கோடையில் மனுஷன் வயலில் ஆடாத ஆட்டம் ஆடுவார். மழையும் குளிரும் சேர்ந்து தூற ஆரம்பித்ததோ இல்லையோ, கட்டிலில் விழுந்துவிடுவார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளேயிருந்து குரல் வரும். "சூடு போட்டாச்சா?"

மியென் இரும்புச் சட்டியில் கல்லுப்பைப் போட்டு, மாசிப்பத்திரி இலையைக் கிள்ளிப் போட்டு, வெடிக்க வெடிக்க வறுத்து, துணிப்பையில் கொட்டி, சாராயத்தில் ஊறின இஞ்சியை முட்டியில் தேய்த்து, மேலே மூட்டையைக் கட்டுவாள். ஆறினதும் மறுபடி குரல் வரும். மறுபடி சட்டி. முப்பது வருஷத்துக்கு மேல், குளிர்காலம் தவறாமல் இதுதான் நடந்தது. போதும், நீ போய்ப் படு என்று அந்த வாய் ஒரு தடவை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்ன நாளிலிருந்து மியெனும் வாயை மூடவில்லை.

"படத்துலயே இல்லாத வலிக்கு நான் எதுக்குப் பச்சிலை பறிக்கணும்?" என்பாள் சட்டியைக் கிளறிக்கொண்டே.

"உனக்கு வந்தாத்தான் தெரியும்," என்பார் அவர். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். சாதாரணமாகச் சொல்வார்.

பாங் செத்தது ஒரு வெயில் காலத்தில், நெஞ்சு அடைத்து. அழுதாள், அழாமல் என்ன. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அடுத்து வந்த குளிர்காலம்தான் அவள் வாழ்க்கையில் நல்ல குளிர்காலம். சட்டியைக் கவிழ்த்துப் பரண்மேல் போட்டாள். சிவப்பில் ஒரு கம்பளிச்சட்டை வாங்கினாள். இரவெல்லாம் புரளாமல் தூங்கினாள். தெற்கே பியென் ஹோவாவில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் லுவா தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம், "அம்மா, இங்க வந்துடுங்க. மார்கழியிலகூட மின்விசிறி போட்டுத்தான் படுக்கிறோம்," என்பாள். வருகிறேன், அப்பாவின் எலும்பை மட்டும் எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்பாள் மியென்.

எடுக்காமல் போக முடியாது. அந்தப் பக்கத்தில் முதல் குழி தற்காலிகம்தான். மூன்று வருஷம் கழித்து, குளிரும் வறட்சியுமான மாதத்தில், சூரியன் எலும்பைப் பார்த்துவிடாமல், விடியுமுன்னே தோண்டி எடுத்து, வாசனை நீரில் கழுவி, தலை முதல் கால்வரை ஆள் படுத்திருக்கிற வரிசையிலேயே சின்ன மண்பெட்டியில் அடுக்கி, நிரந்தரமான இடத்தில் வைக்க வேண்டும். போன குளிர்காலத்தில் அதைச் செய்தார்கள். பாங்கின் தம்பி குவாத் கழுவி அடுக்கினான். மியென் விளக்குப் பிடித்தாள். முதல்நாள்வரை காய்ந்து கிடந்த வானம் அன்றைக்குப் பார்த்துத் தூறியது. கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. "சீக்கிரம் தம்பி, சீக்கிரம்," என்று அவள்தான் விரட்டினாள். விரல் எலும்பையெல்லாம் அவன் பிடி பிடியாக அள்ளிப் போட்டதை அவளும் பார்த்தாள்.

அந்த வாரமே, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அவள் வலது முட்டியில் வலி வந்து உட்கார்ந்தது. முட்டிச்சில்லுக்கு அடியில் ஈர நூலை விட்டு யாரோ மெதுவாக இழுக்கிற மாதிரி இருந்தது. பாங் அப்படித்தான் சொல்வார். அதே வார்த்தை தன் வாயிலும் வந்ததைக் கேட்டு மியெனுக்கு முதுகு சில்லிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனாள். படம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். வயசு, குளிர், முடிந்தால் வெயில் உள்ள ஊருக்குப் போங்கள் என்றார் டாக்டர். பரண்மேல் போட்ட சட்டியை இறக்கினாள்.

இங்கேதான் விஷயம் வேறு மாதிரி போக ஆரம்பித்தது. உப்பு மூட்டை என்றால் அரை இரவாவது சூடு நிற்கும். முப்பது வருஷம் கட்டிய கைக்கு அது தெரியாதா. ஆனால் இவள் தன் முட்டியில் கட்டினால், ஒரு வாய் தேநீர் குடிப்பதற்குள் மூட்டை ஆற்றுக் கல்லைப் போலச் சில்லென்று ஆகிவிடும். மேலே ஆறினாலும் நடுவிலாவது வெதுவெதுப்பு இருக்க வேண்டுமே, அதுவும் இருக்காது. மறுபடி வறுப்பாள், மறுபடி போகும். லுவா மின்சாரப் போர்வை வாங்கி அனுப்பினாள். உடம்பெல்லாம் சுட்டது, முட்டிக்கு மேலே இருந்த ஒரு சாண் துணி மட்டும் ஈரம் காயாத மாதிரி கிடந்தது. சூட்டை ஏதோ ஒன்று கீழ்ப்பக்கமாக, கட்டில் வழியாக, தரை வழியாக உறிஞ்சிக்கொண்டு போவதை அவளால் உணர முடிந்தது. ஒரு நாள் இருட்டில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், தன்னை அறியாமல் வாய்விட்டுக் கேட்டாள். "சூடு போட்டாச்சா?" கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்படியே ஒரு வருஷம் இழுத்து, இந்தக் குளிர்காலமும் வந்தது. வலி இரண்டு மடங்காக வந்தது. முக்காலியிலிருந்து எழ ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. புத்தாண்டுக்கு முன்னால் ரயிலேறி மகளிடம் போய்விடுவது என்று மியென் முடிவு செய்தாள். அதைக் கேட்டதும் குவாத் வந்து நின்றான்.

"அண்ணி, நீங்க போயிட்டா அண்ணன் படத்துக்கு முன்னாடி ஊதுவத்தி யார் கொளுத்துவாங்க?"

"நீங்க கொளுத்துங்க தம்பி. கையில வலி ஒண்ணும் இல்லையே?"

"கேலி பண்ணாதீங்க. அண்ணன் ஏதோ கேக்குறாருன்னு ஊரே சொல்லுது. சேன் அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டுட்டாவது போங்களேன்."

சேன் என்பவள் அடுத்த ஊர்க்காரி, இறந்தவர்களோடு பேசித் தருகிறவள். கொழுத்த, கலகலப்பான பெண்பிள்ளை. கையில் வெற்றிலை, காலில் புதுக் காலுறை. மியென் உட்காருவதற்குள்ளாகவே, "அக்கா, அவரு கால் சரியா இல்லியே," என்றாள்.

"யாரோட கால்?"

"உங்க வீட்டுக்காரரோட கால். வலதும் இடதும் மாறிக் கிடக்கு. குளிருதுங்கிறாரு. உங்க காலைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க தெற்கே போனாலும் பிடியை விட மாட்டாரு, கூடவே வருவாரு."

"விட என்ன பண்ணணும்?"

"தொறந்து சரி பண்ணுங்க. வேற வழி எனக்குத் தெரியல."

திரும்பி வரும் வழியெல்லாம் குவாத் தரையைப் பார்த்தபடியே நடந்தான். அடுக்கியது அவன். ஊர் எல்லைக்கு வந்தபிறகுதான், "மழையில கை நடுங்கிச்சு அண்ணி. மாத்தி வெச்சிருந்தாலும் வெச்சிருப்பேன்," என்றான். மியெனுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. நிரந்தரமாக மூடியதைத் திறப்பது சாதாரண காரியமா. குவாத்துக்கு மீன் குட்டை இரண்டு வருஷமாக நஷ்டம், மூத்தவன் வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதிக் காத்திருக்கிறான். இந்த நேரத்தில் கல்லறையைக் கிண்டினால் என்ன வந்து சேருமோ என்று அவனுக்கு உள்ளூர நடுக்கம். இருந்தாலும் ஒப்புக்கொண்டான். அவளுக்கோ ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ரயிலில் ஏறும்போது இந்தக் கால் தன்னுடைய காலாக இருக்க வேண்டும்.

விடிய இன்னும் நேரம் இருக்கும்போது வயல் நடுவிலிருந்த இடுகாட்டுக்குப் போனார்கள். குவாத், அவனுடைய வளர்ந்த மகன்கள் இரண்டு பேர், மியென். தூறல் விழாத மாதிரியும் விழுகிற மாதிரியும் முகத்தில் ஒட்டியது. குழிக்கு மேலே தார்ப்பாய் கட்டினார்கள். ஊதுவத்தி நனைந்து நனைந்து அணைந்தது. மியென் மண்வெட்டிக் காம்பு ஒன்றை ஊன்றிக்கொண்டு நின்றாள். வலது கால் தரையில் இருக்கிறதா என்றே தெரியாத குளிர்.

மண் சீக்கிரம் விட்டது. மண்பெட்டியின் மூடி தெரிந்ததும் குவாத் குழிக்குள் இறங்கி, விளிம்பைக் கத்தியால் கீறி, மூடியை ஒரு பக்கம் தூக்கினான்.

உள்ளேயிருந்து வெள்ளையாக ஆவி வந்தது.

விளக்கைப் பிடித்திருந்த பையன் ஒரு அடி பின்வாங்கினான். சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி, மெதுவாக, தடித்து, தார்ப்பாய்வரை எழும்பி அங்கேயே சுற்றியது. குவாத் மூடியைப் பிடித்தபடியே மண்டியிட்டுவிட்டான். குழி திறக்கும்போது வெதுவெதுப்பான ஆவி வந்தால் அது வரம் விழுந்த கல்லறை. அந்த மண் அந்தக் குடும்பத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். பேரன், கொள்ளுப்பேரன்வரை தழைக்கும். ஆனால் ஆவி முழுக்க வெளியேறுவதற்குள் மூடிவிட வேண்டும். எலும்பைத் தொடக் கூடாது. அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது, யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"மூடிடலாம் அண்ணி," என்றான் குவாத். "அண்ணன் நமக்கு வழி பண்ணிட்டாரு. பையனுக்கு வேலை கிடைச்சிடும். எல்லாம் சரியாயிடும். மூடிடலாம்."

மியென் மூக்கைச் சுளித்து மோந்துகொண்டிருந்தாள்.

"தம்பி, மோந்து பாருங்க."

"என்ன அண்ணி?"

"மோந்து பாருங்கன்னா."

அவன் மோந்தான். மண் வாசனை இல்லை. வறுத்த உப்பு, வெந்த மாசிப்பத்திரி, கொஞ்சம் இஞ்சிச் சாராயம். மியெனின் சமையலறையில் இரவெல்லாம் நிற்கிற அதே நெடி, கண்ணைக் கரிக்கிற அளவுக்கு.

"இது நல்ல சகுனத்தோட வாசனை அண்ணி," என்றான் குவாத், தயங்கித் தயங்கி.

"சகுனமுமில்ல, ஒண்ணுமில்ல. இது என் அடுப்பு. போன வருஷத்துலேர்ந்து நான் வறுத்த அத்தனை மூட்டையும் இங்க வந்து கிடக்கு."

அவளுக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். உயிரோடு இருக்கும்போது முப்பது வருஷம். போனபிறகும் பத்தாமல் குழிக்குள்ளே இருந்துகொண்டு உறிஞ்சியிருக்கிறார். அவள் இருட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த ஒவ்வொரு இரவும் இந்த மனுஷன் கதகதப்பாகக் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். மியென் காம்பைக் கீழே போட்டாள். குழி விளிம்பில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்தாள். காலாடையை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு, வலது காலை உள்ளே, திறந்த பெட்டிக்கு நேர் மேலே தொங்கவிட்டாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"குளிர் காயுறேன்."

சூடு அவள் பாதத்தில் ஏறி, கெண்டைக்கால் வழியாக முட்டிக்கு வந்தது. சில்லுக்கு அடியில் இழுபட்டுக்கொண்டிருந்த ஈர நூல் தளர்ந்தது. ஒரு வருஷமாக இறுக்கிப் பிடித்திருந்த தோள்கள்கூடத் தாமாக இறங்கின. மியெனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலி இல்லாத கால் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

குவாத் அவளைத் தொடவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்தான். அண்ணன் பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுக்க முடியுமா. "அண்ணி, போகுது பாருங்க, எல்லாம் வெளிய போகுது. உங்க கால்ல விழுறேன். ஒரு முட்டிக்காக ஒரு குடும்பத்தையே வீணாக்கலாமா?"

"முப்பது வருஷம் ஒரு முட்டிக்காகத்தான் தம்பி ஒரு குடும்பம் நடந்துச்சு. அப்ப நீங்க யாரும் வந்து கேக்கல."

"என் பையன் முகத்தையாவது பாருங்க."

அவள் பார்த்தாள். மூத்தவன் தலை குனிந்துகொண்டான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலை எடுக்கவில்லை. குனிந்து பெட்டிக்குள்ளே, ஆவிக்குள்ளே, முகம் தெரிகிறவரோடு பேசுகிற மாதிரி பேசினாள்.

"வந்தாத்தான் தெரியும்னீங்க. வந்துச்சு, தெரிஞ்சுச்சு. நீங்க நடிக்கல. நான் சொன்னது தப்புத்தான். அதுக்காக என்னை விறகா வெச்சு எரிக்கணும்னு இல்ல. எடுத்தது போதும்."

பெட்டிக்குள்ளிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டி ஆறும்போது வருமே, அந்தச் சத்தம். இளைய பையன் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். தூறல் தார்ப்பாயில் விழுகிற ஓசையும், எலும்புகள் ஒவ்வொன்றாக ஆறுகிற ஓசையும் மாறி மாறிக் கேட்டன. ஆவி மெலிந்தது, நூலாயிற்று, பிறகு அதுவும் இல்லை. உப்பு வாசனை போய் வெறும் சேற்று வாசனை வந்தது.

குவாத் முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கை வாங்கினான். இனி மூடி என்ன, மூடாமல் என்ன என்பது போல மூடியை முழுசாக விலக்கினான். அவனும் மகன்களும் குனிந்து பார்த்தார்கள். சேன் சொன்ன மாதிரி எதுவும் மாறிக் கிடக்கவில்லை. வலது கால் வலது பக்கம், இடது கால் இடது பக்கம். முட்டிச்சில்லு இரண்டும் அதனதன் இடத்தில். அன்றைக்கு அள்ளிப் போட்ட விரல் எலும்புகளில்கூட ஒன்றும் பிசகவில்லை. குவாத் ஒன்றைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். "ஐஸா இருக்கு," என்றான். "மழைத்தண்ணிகூட இவ்வளவு சில்லுனு இல்ல."

மியென் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிருமே, மனுஷன் தாங்க மாட்டாரே என்று ஒரு கணம் பழைய பழக்கத்தில் நெஞ்சு பதறியது. பிறகு, "மூடுங்க தம்பி, வெளுக்குது," என்றாள்.

மூடி மண் தள்ளி முடித்தபோது கிழக்கே சாம்பல் நிறம் பரவியிருந்தது. மியென் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். முதல் அடி ஒன்றும் இல்லை. இரண்டாவது அடியும் இல்லை. வரப்பில் ஏறப்போகும்போது முட்டிக்குள்ளே மெதுவாக ஒரு வலி கண் விழித்தது. யாரும் எங்கிருந்தும் இழுக்கவில்லை. எலும்புக்கு உள்ளேயிருந்து, அறுபது வருஷம் நடந்த காலிலிருந்து, தானாக வந்தது. அவள் நின்று அதைக் கவனித்தாள்.

குவாத் பின்னாலேயே வந்து கேட்டான். அவன் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "போயிடுச்சா அண்ணி? அவ்வளவையும் கொட்டியாச்சு. அந்த வலியாவது போயிடுச்சான்னு சொல்லுங்க."

"இல்ல தம்பி, இருக்கு."

அவன் மண்வெட்டியைச் சேற்றில் குத்திவிட்டு நின்றான். "அப்ப எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"இது அவரோடது இல்ல. தொட்டுப் பாத்தா தெரியுது. இது என்னுது," என்றாள் மியென், முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "என்னுதை நான் எங்க வேணா தூக்கிட்டுப் போவேன்."

காலாடையை இறக்கிவிட்டுக்கொண்டு, விந்தி விந்தி, துணி மூட்டை கட்ட வீட்டுக்கு நடந்தாள்.